பந்து படாமல் எழுந்த பத்துக் கட்டைகள்

அன்புள்ள மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் வீட்டாரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கு நான் சௌக்கியம். தங்கள் அக்காவும் சௌக்கியம். இதை அவளே நேற்றுச் சாயங்காலம் தன் சொந்த வாயால், என் முகத்தைப் பார்த்து, யாரும் வற்புறுத்தாமல் சொன்னாள் என்று தெரிவிப்பது இக்கடிதத்தின் முதல் நோக்கம். தாங்கள் அனுப்பி வைத்த, பந்தை உருட்டிக் கட்டைகளை அடிக்கிற பவுலிங் விளையாட்டு இயந்திரத்துக்கு மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்வது இரண்டாவது நோக்கம். பொருள் வந்து இருபத்தாறு நாள் கழித்து நன்றி வருகிறதே, இந்த மனுஷனுக்கு அவ்வளவுதான் மரியாதையா என்று தாங்கள் நினைத்திருக்கலாம். எடை அளவு ஆய்வாளராக முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்தவன் நான். சரிபார்க்காத பொருளுக்குக் கையெழுத்துப் போட்டதில்லை. நன்றியும் கையெழுத்து மாதிரிதான் என்பது என் கட்சி.

மச்சான், இதற்கு மேல் 'தாங்கள்' என்று எழுத எனக்கு வரவில்லை. என் சைக்கிளை இரவல் வாங்கிப் போய் மதில் சுவரில் ஏற்றிவிட்டு, 'அத்தான், பிரேக் சரியில்ல' என்று வெறும் ஹேண்டில்பாரை மட்டும் கொண்டுவந்து கொடுத்த பயல் நீ. இனி 'நீ' என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் நீ செய்த உதவி எவ்வளவு பெரியது என்று உனக்கே விளங்கும். உன் அக்கா போனில் பாதிதான் சொல்லியிருப்பாள், அதுவும் அவள் பக்கத்துப் பாதி. நான் ஓய்வு பெற்ற முதல் வாரம் வீட்டிலிருந்த டப்பாக்களை நிறுத்துப் பார்த்தேன், இரண்டாம் வாரம் அவளுடைய கரண்டிகளை அளவு வாரியாக அடுக்கி எண் போட்டேன், அதுவரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டாள். மூன்றாம் வாரம் தெருமுனை மளிகைக்கடையில் வாங்கிவந்த ஒரு கிலோ சர்க்கரையை நிறுத்தேன். ஆயிரத்துப் பதினைந்து கிராம். மூன்று தடவை நிறுத்தேன், மூன்று தடவையும் பதினைந்து கூட. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சோதனை எடைக்கற்கள் இருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன், பதினோரு பேர் சாமான் வாங்கிக்கொண்டு நிற்கும்போது தராசில் கல்லை வைத்தேன், 'இந்தத் தராசு தப்பு' என்று சத்தமாகச் சொன்னேன். சத்தமாகச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். தப்பு கூடவா குறைவா என்று அந்தப் பதினோரு பேரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. விதிப்படி இரண்டும் ஒன்றுதான். அந்தக் கடைக்கார அம்மா, 'கூடத்தானே போகுது, போகட்டும்னு விட்டேன் சார்' என்று சொன்னது கூட்டத்தில் யார் காதிலும் விழவில்லை. மறுநாள் கடையில் ஈ ஓட்டினார்கள்.

அந்த அம்மா உன் அக்காவுக்கு இருபது வருஷச் சிநேகிதி. உன் அக்கா என் எதிரே வந்து நின்றாள். 'கூடக் குடுத்தவளத் திருடின்னு ஊருக்கே சொல்லிட்டு வந்திருக்கீங்க. இனிமே நான் உங்ககிட்டப் பேசறதா இல்ல' என்றாள். பேசவில்லை, மச்சான். முதல் நாள் எனக்கு விளையாட்டாக இருந்தது. ஐந்தாம் நாள் எரிச்சலாக இருந்தது. பத்தாம் நாள் தனியாக உட்கார்ந்து ரேடியோ செய்தியில் வரும் பெண்ணுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதி மேஜையில் வைப்பாள். 'உப்பு இல்லை.' 'குழாய் ஒழுகுகிறது.' பதினைந்தாம் நாள் வைத்த சீட்டில் கொஞ்சம் நீளமாக எழுதியிருந்தாள். 'மாசக் கடைசியில் தம்பி வீட்டுக்குப் போகிறேன். டிக்கெட் எடுத்தாயிற்று. திரும்பி வருவதைப் பற்றி அங்கே போய் யோசிப்பேன்.' அலமாரி மேலிருந்த பெட்டி கீழே இறங்கிவிட்டது.

அப்போதுதான் நீ போன் செய்தாய். 'அத்தான், நீங்க சும்மா இருந்தா உங்களுக்கும் கஷ்டம், சுத்தி இருக்கறவங்களுக்கும் கஷ்டம். பொழுதுபோக ஒண்ணு அனுப்பி வைக்கறேன், அதோட மல்லுக்கட்டுங்க' என்றாய். சீட்டுக்கட்டோ மீன்தூண்டிலோ வரும் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் வாசலில் லாரி வந்து நின்றது. நாலு ஆட்கள் ஒரு பவுலிங் தளத்தையே இரண்டு துண்டாக இறக்கினார்கள். 'யாருப்பா அனுப்பினது?' என்று கேட்டேன். 'அதெல்லாம் நமக்குத் தெரியாதுங்க. மூணாம் நம்பர்ல எறக்கச் சொன்னாங்க, எறக்கறோம். மொதல்ல கதவக் கழட்டுங்க' என்றான் டிரைவர். கதவைக் கழற்றினேன். உன் பெரிய மனசை நினைத்து அப்போதே எனக்குக் கண் கலங்கியது. நம் ஹால் நாலு மீட்டர் முப்பது சென்டிமீட்டர், இயந்திரம் நாலு மீட்டர் பன்னிரண்டு. சமையலறை வாசலில் பதினெட்டு சென்டிமீட்டர் மிச்சம். உன் அக்கா அதன் வழியாகப் பக்கவாட்டில் நழுவிப் போனாள், அப்போதும் ஒரு வார்த்தை இல்லை.

நீ அதை ஓடவிட்டுப் பார்த்திருப்பாயோ என்னவோ, எதற்கும் எழுதிவிடுகிறேன். வழவழவென்று நீளமான பலகைத் தளம். இந்த முனையில் நாம் நின்று கைக்கடக்கமான பந்தை உருட்டவேண்டும். அந்த முனையில் ஒரு கூண்டு, அதற்குள் மேலிருந்து பத்து வெள்ளைக் கட்டைகள் முக்கோணமாகத் தொங்குகின்றன. நிஜ பவுலிங்கில் கட்டைகள் தரையில் நிற்கும், பந்து இடித்தால் விழும். இதில் தலைகீழ், அடிபட்ட கட்டை சடக்கென்று மேலே மடங்கிக் கூண்டுக்குள் போய்விடும். பந்து பின்னால் இருக்கும் மெத்தையில் மோதி, ஒரு குழியில் விழுந்து, தளத்துக்கு அடியிலேயே சரிவில் உருண்டு நம் காலடிக்குத் திரும்பி வரும். பக்கத்தில் எண் போட்ட உருளைகள் சுற்றி மதிப்பெண் காட்டும், மணி அடிக்கும். ஆட்டம் முடிந்தால் ஒரு மோட்டார் சுற்றி, ஒரு இரும்புச் சட்டம் இறங்கி, பத்துக் கட்டைகளையும் அழுத்திப் பழைய இடத்தில் கொக்கி மாட்டி விடும். முதல் பந்து உருட்டினேன். ஏழு கட்டை எழுந்தது, மணி அடித்தது. எனக்குச் சின்னப் பையனாட்டம் சந்தோஷம்.

சந்தோஷம் எத்தனை நேரம் நிற்கும்? நாலாவது பந்தில் எனக்கு ஒன்று உறுத்தியது. பந்து போய்ச் சேர்வதற்கும் கட்டை எழுவதற்கும் நடுவில் இடிக்கிற சத்தமே இல்லை. பந்து முழுக்கச் சாக்பீஸ் தடவி உருட்டினேன். எட்டுக் கட்டை எழுந்தது, ஒரு கட்டையிலாவது சாக்பீஸ் ஒட்டவேண்டுமே, இல்லை! கழுத்தை நீட்டிக் குனிந்து பார்த்தேன். பந்துக்கும் கட்டைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. பந்து கட்டையைத் தொடவே இல்லை, மச்சான்! அதன் அடியில் சும்மா ஓடுகிறது, கட்டை தானாக அடிபட்ட மாதிரி நடித்துக்கொண்டு மேலே போகிறது. இப்படி ஒரு மோசடியை நான் என் சர்வீஸில் பார்த்ததில்லை. உட்கார்ந்து நாலு பக்கத்துக்கு அறிக்கை எழுதினேன், யாருக்கு அனுப்புவது என்று தெரியாமல் மடித்து வைத்தேன்.

மணிச் சத்தம் கேட்டு மாடி வீட்டு லிஃப்ட் மெக்கானிக் இறங்கி வந்தார். பழைய லிஃப்டுகளைப் பழுது பார்ப்பவர், வாயில் எப்போதும் ஒரு ஸ்குரூ இருக்கும், அதைக் கன்னத்துப் பக்கம் ஒதுக்கிக்கொண்டுதான் பேசுவார். மோசடியைக் காட்டினேன். அவர் குப்புறப் படுத்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, 'சார், இங்க பாருங்க. ஒவ்வொரு கட்டைக்கும் கீழ பலகையில ஒரு கீறல் இருக்கு, அதுல ஒரு கம்பி தலைய நீட்டிட்டு இருக்கு. பந்து கம்பிய மிதிக்குது. கம்பி கீழ ரெண்டு தகட்ட ஒட்ட வைக்குது. கரண்ட் பாயுது, மேல காயில்ங்கற கம்பிச் சுருளு காந்தமாகிக் கொக்கிய இழுக்குது, கொக்கி விட்டதும் ஸ்பிரிங் கட்டையத் தூக்கிருது. என்னா வேல பண்ணியிருக்கான் பாருங்க!' என்றார். 'அதைத்தான் நானும் சொல்றேன், பந்து கட்டையைத் தொடலை' என்றேன். 'தொட வேணாம் சார். லிஃப்ட்ல நீங்க பட்டனத்தானே அமுக்கறீங்க? லிஃப்ட்டையா தூக்கறீங்க?' என்றார். 'லிஃப்ட் என்னைத் தூக்கறேன்னுதான் சொல்லுது, தூக்குது. இது இடி வாங்கினேன்னு சொல்லுது, வாங்கலையே' என்றேன். அவர் ஸ்குரூவை மறுபடி நடுவில் கொண்டுவந்துவிட்டார், அதாவது பேச்சு முடிந்தது.

நியாயமாக ஒன்றும் சொல்லவேண்டும். அந்த இயந்திரத்தில் ஒரே ஒரு யோக்கியமான உறுப்பு உண்டு, காசு போடும் வாய். உள்ளே ஒரு சின்னத் தொட்டில், மறுபக்கம் அதற்கு எடை. நல்ல காசு விழுந்தால் தொட்டில் சாய்ந்து உள்ளே வழி விடும், எடை குறைந்த காசு என்றால் பக்கவாட்டில் வெளியே துப்பிவிடும். தராசு, மச்சான்! பவுலிங் இயந்திரத்தின் வயிற்றுக்குள் ஒரு தராசு! அன்று ராத்திரி படுக்கும்போது, இப்படி ஒரு தராசு வைக்கத் தெரிந்தவன் கட்டை விஷயத்தில் ஏன் இப்படிச் செய்தான் என்று யோசித்து யோசித்து, தவறி நடந்திருக்கும், நாம்தான் திருத்தவேண்டும் என்று முடிவு செய்தேன்.

மறுநாள் மெக்கானிக் வேலைக்குப் போனதும் ஸ்பானரை எடுத்தேன். கட்டைகளைத் தாங்கும் சட்டத்தின் நட்டுகளைத் தளர்த்தி, மொத்தமாக இரண்டு விரல் கீழே இறக்கி முடுக்கினேன். இனிமேல் பந்து உண்மையாகவே கட்டையை இடிக்கும், உண்மையாகவே எழும், ஒருவரும் ஒன்றும் சொல்ல முடியாது. பந்தை உருட்டினேன். இடித்தது, மச்சான், அதில் ஒரு குறையும் இல்லை. முன்கட்டையின் கை வளைந்து பக்கத்துக் கட்டையோடு பின்னிக்கொண்டது, பந்து துள்ளித் திரும்பி வந்து என் முழங்காலில் அடித்தது, கம்பிகளில் ஒன்று மிதிபட்டபடியே சிக்கிக்கொண்டது, மணி நிற்காமல் அடிக்க ஆரம்பித்தது. ஒரு முழு ஆட்டத்துக்கு முந்நூறுதான் உச்சம், உருளை எண்ணூறைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. மோட்டார் சுற்றி இரும்புச் சட்டம் இறங்குகிறது, கட்டை சிக்கியிருப்பதால் மாட்ட முடியாமல் ஏறுகிறது, மறுபடி இறங்குகிறது. நான் ஒரு நொண்டிக் காலோடு ஓடிப்போய்க் கட்டையை விடுவிக்கக் கூண்டுக்குள் கையை விட்டேன்.

'கைய எடுங்க!'

சமையலறை வாசலில், அந்தப் பதினெட்டு சென்டிமீட்டரில், உன் அக்கா. இருபத்து நான்கு நாள் கழித்து முதல் வார்த்தை. எனக்கு அந்தக் குரலைக் கேட்ட சந்தோஷத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்கத் தோன்றவில்லை, திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தபடி நின்றுவிட்டேன். சட்டம் இறங்கியது. 'மரமண்டை! கைய எடுங்கன்னு சொல்றேன்ல!' என்று கத்திக்கொண்டே ஓடி வந்து பிளக்கைப் பிடுங்கினாள். நடுவிரல் நகம் கறுத்துவிட்டது. ஈரத் துணி சுற்றிக் கட்டுப் போட்டாள். கட்டி முடித்ததும் மறுபடி வாய் மூடிக்கொண்டது.

நான் ஆய்வு செய்தே பழகியவன். ஒரு தடவை நடந்தது மறுபடி நடக்கிறதா என்று பார்க்கவேண்டாமா? மறுநாள் அவள் ஹாலுக்கு வரும் நேரம் பார்த்துக் கூண்டுக்குள் இன்னொரு கையை விட்டுக்கொண்டு நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள், பிளக்கைப் பார்த்தாள். பிளக் தரையில் கிடந்தது. போய்விட்டாள்.

மெக்கானிக் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். 'சார், ஓடிட்டு இருந்த மெஷினு சார் இது' என்றார். சட்டத்தைப் பழையபடி தூக்கி, வளைந்த கையை நிமிர்த்தினோம். ஆனால் பத்துக் கம்பியில் எத்தனை செத்துப்போயின என்று தெரியவேண்டும். அதற்கு ஒருவர் அடியில் படுத்துத் தகடுகளைப் பார்க்கவேண்டும், ஒருவர் மேலே காயிலைப் பார்க்கவேண்டும், மூன்றாவது ஆள் பந்து உருட்டி எந்தக் கட்டை எழுந்தது என்று சொல்லவேண்டும். மெக்கானிக் சமையலறைப் பக்கம் திரும்பி, 'அக்கா, கோவிச்சுக்காதீங்க, நாலு பந்து உருட்டித் தாங்க' என்றார். அந்த மனுஷன் நன்றாக இருக்கவேண்டும். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கட்டைக்கு எண் வைத்தார் மெக்கானிக், ஒன்றிலிருந்து பத்து. அவள் உருட்டுவாள், அவரிடம் சொல்லுவாள், 'ஒண்ணு, ரெண்டு, அஞ்சு எந்திரிச்சுது. நாலு எந்திரிக்கல.' நான் அடியில் குப்பையோடு குப்பையாக மல்லாந்து கிடந்து, அவள் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பேன். நாலு நாள் அவள் எண்களாகவே பேசினாள், அதுவும் என்னிடம் இல்லை. அதுவே எனக்குத் தேன் மாதிரி இருந்தது, சொல்லிக்கொள்ள வெட்கம் இல்லை.

ஐந்தாம் நாள் ஒன்பது கட்டை சரியாகிவிட்டது, ஏழாம் கட்டை மட்டும் மசியவில்லை. அந்த நேரம் பார்த்து எங்கோ ஒரு லிஃப்டில் மூன்று பேர் சிக்கிக்கொண்டார்கள் என்று மெக்கானிக்குக் கூப்பாடு. அவர் ஓடிவிட்டார். வீட்டில் நானும் அவளும்தான். நான் அடியில், அவள் மேலே. எனக்குத் தெரிவது அவளுடைய செருப்பு மட்டும். பந்து உருளும் சத்தம் கேட்டது.

'ஏழு எந்திரிக்கல.'

அறையில் வேறு யாரும் இல்லை, மச்சான். என்னிடம்தான் சொன்னாள். தகட்டைக் கொஞ்சம் வளைத்தேன். 'இப்போ?' என்றேன். பந்து உருண்டது. 'இல்ல.' 'இப்போ?' 'ம்ஹூம்.' 'இப்போ?' 'லேசா ஆடுது, எந்திரிக்கல.'

உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பழுது எங்கே என்று பத்தாவது நிமிஷமே கண்டுபிடித்துவிட்டேன். தகட்டுக்கு நடுவில் யாருடைய சட்டைப் பித்தானோ உடைந்து ஒரு துணுக்கு மாட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டால் வேலை முடிந்தது. எடுக்கவில்லை. ஒரு மணி நேரம், கடிகாரம் பார்த்துச் சொல்கிறேன், ஒரு மணி ஐந்து நிமிஷம், 'இப்போ? இப்போ?' என்று கேட்டுக்கொண்டே கிடந்தேன். முதுகு விட்டுப்போனது, கண்ணில் தூசி விழுந்தது, எழுந்திருக்க மனசு வரவில்லை. கடைசியில் செருப்பு இரண்டும் என் தலைப்பக்கம் வந்து நின்றன. 'சரி பண்ணத் தெரிஞ்சும் பண்ணாமத்தானே கெடக்கீங்க?' என்று செருப்பு கேட்டது.

'ஆமாம்' என்றேன்.

'எதுக்கு?'

'எழுந்தா நீ பேச மாட்டே.'

மேலே பொத்தென்று முக்காலியில் உட்காரும் சத்தம். 'நான் மட்டும் என்ன, பேசாம இருந்து சொகமாவா இருந்தேன்? சாயங்காலம் போய் ஒரு வார்த்த பேச எனக்கு யாரு இருக்கா? அவ ஒருத்தி இருந்தா. அவ வீட்டு வாசப்படிய இப்ப என்னால மிதிக்க முடியுமா? எந்த மூஞ்சிய வச்சிட்டுப் போவேன்?' என்றாள். மச்சான், எதிரே நின்று அவள் சொல்லியிருந்தால் நான் விதி எண் சொல்லிப் பதில் பேசியிருப்பேன். அடியில் கிடந்ததால் எனக்கு எடுத்துப் பேச ஒரு விதியும் நினைவுக்கு வரவில்லை. 'நான் தப்புப் பண்ணிட்டேம்மா' என்று செருப்பைப் பார்த்துச் சொன்னேன். 'என்கிட்ட எதுக்கு? அவகிட்டப் போய்ச் சொல்லுங்க. பதினோரு பேரு முன்னாடி பண்ணினத பதினோரு பேரு முன்னாடி சொல்லுங்க' என்றாள். பித்தான் துணுக்கை எடுத்தேன், ஏழு எழுந்தது.

மறுநாள் காலை போனேன். கடையில் மூன்றே பேர். நான் ஓரமாக நின்று எண்ணிக்கொண்டே இருந்தேன், பதினோரு பேர் சேர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை, 'தராசு இப்ப சரியாத்தான் இருக்கு சார், வேணும்னா கல்லு வச்சுப் பாத்துக்கங்க' என்றார். பதினோராவது ஆள் வந்ததும் பழைய சத்தத்திலேயே சொன்னேன். 'எல்லாரும் கேளுங்க. இந்தத் தராசு தப்பா இருந்தது நிஜம். அது உங்களுக்குக் கூடக் கொடுத்த தப்பு. இத்தனை வருஷமா இந்த அம்மாவுக்குத்தான் நஷ்டம், உங்களுக்கு இல்லை. நான் பாதியைச் சொல்லிட்டுப் போயிட்டேன். தப்பு என்னுது.' யாரோ ஒருவர், 'அப்ப பழைய தராசே நல்லாயிருந்துச்சே' என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, 'அக்கா நல்லாயிருக்காங்களா?' என்று மட்டும் கேட்டார். 'எங்க வீட்டுக்கு வந்து ஒரு பந்து உருட்டிப் பாருங்க' என்றேன். வேறு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் கடையைப் பூட்டிக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் வாசலிலேயே கட்டிக்கொண்டு அழுதார்கள், நான் சமையலறைக்குள் போய்த் தேநீர் போட்டேன். அன்றிலிருந்து தினமும் வருகிறார். மூட்டை தூக்கிப் பழகின கை, பந்தை விட்டால் வீடு அதிர்கிறது. அவர் பத்துக் கட்டையையும் எழுப்பினால் உருளை சில சமயம் பத்து மதிப்பெண் கூடப் போட்டுவிடுகிறது. நான் அதைக் கவனித்துவிட்டேன், ஆனால் யாரிடமும் மூச்சு விடவில்லை. உன் அக்கா ஆட்டம் முடிந்து அவர் போன பிறகும் விளையாட்டைப் பற்றிப் பேசுகிறாள், சாப்பிடும்போது பேசுகிறாள், விளக்கை அணைத்த பிறகும் பேசுகிறாள். டிக்கெட்டை ரத்து செய்தாயிற்று. பெட்டி அலமாரி மேலே ஏறிவிட்டது. நேற்று நான் அவளிடம், 'நல்லாயிருக்கியா?' என்று கேட்டேன், 'நல்லாத்தான் இருக்கேன், கேக்கறாரு பாரு' என்றாள். இக்கடிதத்தின் முதல் பத்தியில் நான் குறிப்பிட்டது இதைத்தான்.

ஆகையால் மச்சான், என் குடும்பம் இன்று ஒரு கூரையின் கீழ் இருப்பதற்கு நீ ஒருவன்தான் காரணம். சொந்தத் தம்பிகூட இப்படி யோசித்து ஒரு பொருளைத் தேடி அனுப்பமாட்டான். சைக்கிள் விஷயத்தை இன்றோடு மன்னித்துவிட்டேன். நீயும் உன் மனைவி மக்களும் நோய் நொடியில்லாமல், அளந்தால் குறையாத சந்தோஷத்தோடு நீடூழி வாழவேண்டும் என்று மனமார ஆசீர்வதிக்கிறேன். குழந்தைகளுக்கு என் முத்தம். உன் மனைவியிடம் விசாரித்ததாகச் சொல்.

என்றும் நன்றிக் கடன்பட்ட,
உன் அத்தான்.

பின்குறிப்பு: மேலே கண்டதை நேற்று எழுதி முடித்து உறையில் போட்டு, ஒட்டாமல் வைத்திருந்தேன். நல்லவேளை. இன்று காலை பத்து மணிக்குத் தபால்காரர் உன் பார்சலைக் கொண்டுவந்து கொடுத்தார். பிரித்தேன். ஆயிரம் துண்டு சேர்த்து ஒரு படகுப் படம் செய்கிற அட்டை விளையாட்டு. 'அத்தான், அனுப்ப மூணு வாரத்துக்கு மேல தாமதமாயிடுச்சு, மன்னிச்சுக்குங்க' என்று உன் கையெழுத்தில் சீட்டு. அதைப் பிடித்துக்கொண்டு நான் வாசலில் நின்றுகொண்டிருக்கும்போதே அந்த லாரி வந்து நின்றது. அதே டிரைவர். 'சார், ஒரு மாசமா தேடிட்டு இருக்கோம். பக்கத்துத் தெரு மூணாம் நம்பர் விளையாட்டுக் கூடத்துக்குப் போவேண்டியது. ரிப்பேர் பண்ணி வந்த மெஷினு, பெருசா நீளமா இருக்கும். இங்கயா எறக்குனோம்?'

மச்சான், முப்பத்து நான்கு வருஷத்தில் ஒரு பொய் சொன்னதில்லை. 'இங்கே அப்படி எதுவும் வரலையே' என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, உள்ளே பந்து உருண்டது, பத்துக் கட்டையும் எழுந்தது, மணி அடித்தது. இன்று வெள்ளிக்கிழமை, கடை விடுமுறை, உன் அக்காவும் கடைக்கார அம்மாவும் ஆடிக்கொண்டிருந்தார்கள். 'அது என்னா சார் சத்தம்?' என்றான். 'அலாரம் கடிகாரம்' என்றேன். அவன் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். நாலு மீட்டர் பன்னிரண்டு சென்டிமீட்டரை ஒருத்தன் முதுகால் மறைக்க முடியாது. இயந்திரம் போனால் அவள் பேச்சும் போய்விடும் என்பது தவிர வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

உன் அக்கா வெளியே வந்தாள். என்னைப் பார்த்தாள், டிரைவரைப் பார்த்தாள். 'உள்ளதாங்க இருக்கு. எடுத்துட்டுப் போங்க. இப்ப நல்லா ஓடுது. ஏழாம் நம்பர் கட்டை கொஞ்சம் மெதுவாத்தான் எந்திரிக்கும், போட்டு அடிச்சிராதீங்கன்னு அங்க சொல்லிருங்க' என்றாள். நாலு பேர் வந்து இரண்டு துண்டாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் கழற்றின கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். லாரி போய், கடைக்கார அம்மாவும் வீட்டுக்குக் கிளம்பினதும், உன் அக்கா முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

'அலாரம் கடிகாரமா!' என்றாள். சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள், மச்சான், மூச்சு வாங்கச் சிரித்தாள். 'பொய் சொல்லத் தெரியாத மனுஷன் எதுக்குச் சொல்லணும்? அதுவும் எனக்காகவா? ஏங்க, எனக்காகவா?' என்று கேட்டாள். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், விடவில்லை, அவளே பேச ஆரம்பித்துவிட்டாள். பத்தே முக்காலுக்கு ஆரம்பித்தது. இப்போது மணி ஒன்று.

ஆகவே, மேலே எழுதியிருக்கும் நன்றி உனக்கு உரியதல்ல. படித்து முடித்ததும் சேதமில்லாமல் திருப்பி அனுப்பவும், சைக்கிள் மன்னிப்பும் அதில் சேர்ந்தது. அந்த நன்றியை யாருக்கு அனுப்புவது, டிரைவருக்கா, மெக்கானிக்குக்கா, விளையாட்டுக் கூடக்காரருக்கா என்று உன் அக்காவிடம் கேட்டேன். அதைத்தான் காலியான ஹாலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டு சொல்லிக்கொண்டிருக்கிறாள், இன்னும் முடிக்கவில்லை.